கத்தரியில் வாடல் நோய்: ஒட்டுக்கட்டிய நாற்றுக்கு இவ்வளவு காசு கொடுக்கலாமா?

மேட்டுக்காடு (ஒட்டன்சத்திரம் பக்கம்)

வணக்கம் நண்பர்களே. எங்களுடையது செம்மண் காடு, போர்வெல், சொட்டுநீர். கத்தரியும் தக்காளியும் மாற்றி மாற்றிப் போடுகிறோம். இந்தப் பட்டத்தில் கத்தரி பூவெடுத்துப் பிஞ்சு விடுகிற நேரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செடி தலை தொங்குகிறது. காலையில் பார்த்தால் தேறின மாதிரி நிற்கும். உச்சி வெயிலில் மறுபடி சாயும். அப்புறம் இரண்டொரு நாளில் பச்சை இலையோடு அப்படியே காய்ந்துவிடும். காப்பர் ஆக்ஸிகுளோரைடு மருந்தை வேரில் ஊற்றினேன். டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் என்கிற நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் இரண்டையும் தொழுவுரத்தில் கலந்து போட்டேன். நின்றபாடில்லை.

நாற்றுப் பண்ணையில் கேட்டால், "சுண்டைக்காய் வேரில் ஒட்டின கத்தரி நாற்று இருக்கிறது, வாடலே வராது" என்கிறார்கள். நாற்று ஒன்று 8 ரூபாயாம். சாதா குழித்தட்டு நாற்று ஒரு ரூபாயில் முடிந்துவிடும். மாமரத்துக்கு ஒட்டுக் கட்டுவது தெரியும், ஒரு பட்டம் நிற்கிற கத்தரிக்கு எதற்கு ஒட்டு? வாங்கி நட்டவர்கள் சொல்லுங்கள்.

---

வேர்ப்பூச்சி (கோயம்புத்தூர்)

அண்ணா, நாற்று வாங்குவதற்கு முன்னால் நோய் எது என்று பார்த்துவிடுங்கள். வாடல் என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒரே நோய் இல்லை. இதற்குச் செலவும் இல்லை.

இன்றைக்குத்தான் தலை சாய்ந்த செடி ஒன்றை எடுங்கள், காய்ந்து போனது வேண்டாம். தரையை ஒட்டின தண்டில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, துண்டின் அடிமுனை மட்டும் தண்ணீரில் முங்குகிற மாதிரிப் பிடியுங்கள். ஆட்டக் கூடாது. சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நிறத்தில் நூல் நூலாக இறங்கினால் அது பாக்டீரியா வாடல். ரால்ஸ்டோனியா சொலனேசியாரம் என்கிற பாக்டீரியா, மண்ணிலிருந்து வேர்க்காயம் வழியாக உள்ளே போய், தண்ணீர் ஏறுகிற குழாய்களில் பெருகி அடைத்துக்கொள்கிறது. மண்ணில் ஈரம் இருந்தும் செடி பச்சையாகவே தொங்குவது அதனால்தான். நீங்கள் ஊற்றின காப்பர் குழாய்க்குள் போய்ச் சேராது.

நூல் இறங்கவில்லை, கீழ் இலைகள் முதலில் மஞ்சளாகி மெதுவாகச் செத்தது, தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு ஓடுகிறது என்றால் ஃப்யூசேரியம் பூஞ்சாணமாக இருக்கலாம். வேரையும் பிடுங்கிப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு, வேரைத் தாக்குகிற கண்ணுக்குத் தெரியாத புழு. தட்டைப்பயறு வேரில் இருக்கும் முடிச்சைத் தேய்த்தால் உதிர்ந்துவிடும், நூற்புழு முடிச்சில் வேரே வீங்கியிருக்கும், உதிராது. பல காடுகளில் பாக்டீரியா வாடலும் நூற்புழுவும் சேர்ந்தே இருக்கும். நூற்புழு போட்ட ஓட்டை பாக்டீரியாவுக்கு வாசல்.

இன்னொன்று. கத்தரி, தக்காளி, மிளகாய், உருளை எல்லாம் ஒரே குடும்பம். அவற்றுக்குள் மாற்றி மாற்றிப் போடுவதை அந்த பாக்டீரியா பயிர்ச்சுழற்சியாகவே எடுத்துக்கொள்ளாது.

---

பழையகணக்கு (பாலக்கோடு)

இந்தக் கடைசி வரியைத்தான் நான் சொல்ல வந்தேன். வேரை மாற்றுவதற்கு முன்னால் பயிரை மாற்றுங்கள். அந்த வயலில் மக்காச்சோளமோ சோளமோ போட்டு எடுங்கள், தண்ணீர் வசதி இருந்தால் நெல் போடுங்கள். 8 ரூபாய் நாற்றை விற்பவன் அதைச் சொல்ல மாட்டான். ஜப்பான்காரன் கண்ணாடிக் கூடாரத்தில் செய்வதை எல்லாம் மானாவாரிக்கும் மேட்டுக்காட்டுக்கும் தலையில் கட்டப் பார்க்கிறார்கள்.

---

மேட்டுக்காடு

டம்ளரில் பார்த்துவிட்டேன் தம்பி. நீங்கள் சொன்ன மாதிரியே சிகரெட் புகை இறங்குகிற கணக்காக வெள்ளையாக இறங்கியது. பையன் போனில் படம் பிடித்து வைத்திருக்கிறான். வேரில் முடிச்சும் இருக்கிறது, அதிகமில்லை.

பழையகணக்கு ஐயா, மக்காச்சோளம் போடலாம்தான். இருக்கிறது 2 ஏக்கர், பக்கத்தில் காய்கறி மார்க்கெட், வாராவாரம் கையில் காசு வர வேண்டும். மூன்று வருஷம் சோளம் போடச் சொன்னால் வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

---

வேர்ப்பூச்சி

அப்படியானால் ஒட்டு நாற்று உங்களுக்குப் பொருந்தும். ஒட்டு என்பதே "பயிரை மாற்ற முடியாது, மண்ணையும் மாற்ற முடியாது" என்கிற நிலையில் பிறந்த வழிதான். ஜப்பானிலும் கொரியாவிலும் 1920களில் தர்பூசணியைப் பூசணி வேரில் ஒட்ட ஆரம்பித்தார்கள். அப்போது கண்ணாடிக் கூடாரம் ஒன்றும் இல்லை ஐயா, சின்னச் சின்ன நிலத்தில் திரும்பத் திரும்ப அதே பயிர் போட்டு ஃப்யூசேரியம் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். கத்தரி 1950களில், தக்காளி 1960களில் சேர்ந்தன. மேற்கு நாடுகளில் மண்ணை மீதைல் புரோமைடு புகை போட்டுச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். ஓசோன் படலத்துக்குக் கேடு என்று மாண்ட்ரியல் உடன்படிக்கையில் அதை நிறுத்தியதும் ஸ்பெயின், இத்தாலி, துருக்கி எல்லாம் ஒட்டு நாற்றுப் பக்கம் வந்தார்கள்.

நமக்குப் பொருத்தமான உதாரணம் வியட்நாம். லாம் டோங் மாகாணத்தில், டா லாட் மலைப்பகுதியில், பாக்டீரியா வாடலால் தக்காளியே கைவிட்டுப்போகிற நிலை. தைவானில் இருக்கும் உலகக் காய்கறி மையம் பரிந்துரைத்த ஹவாய் 7996 என்கிற தக்காளி வேரில் ஒட்டின நாற்று அங்கே பரவியது. கட்டுவதும் விற்பதும் உள்ளூர் நாற்றுப் பண்ணைகள்தான். நடுகிறவர்களும் சிறு விவசாயிகள்தான்.

---

நாற்றுக்காரி (ராயக்கோட்டை)

நாங்கள் நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறோம், ஒட்டு நாற்றும் கட்டுகிறோம். அதனால் என் பேச்சைக் கொஞ்சம் கழித்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

"வாடலே வராது" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தில் வாங்காதீர்கள். மண்ணிலிருந்து வருகிற பாக்டீரியா வாடல், வேர்முடிச்சு நூற்புழு, வேர் வழியாக வரும் பூஞ்சாணம், இவற்றைச் சுண்டை வேர் நன்றாகத் தாங்கும். தண்டு, இலை, காய் எல்லாம் பழைய கத்தரிதானே? அதனால் தண்டுத்துளைப்பானும் காய்த்துளைப்பானும் அப்படியே வரும். தத்துப்பூச்சி கொண்டுவரும் சிற்றிலை நோய் வரும். தக்காளியில் வெள்ளை ஈ கொண்டுவரும் இலைச்சுருட்டை வரும். ஒட்டு நாற்று நட்டுவிட்டு மருந்தே அடிக்காமல் விட்டவர்கள் எங்களிடம் வந்து சண்டை போட்டிருக்கிறார்கள்.

8 ரூபாய் ஏன் என்று கேட்கிறீர்கள் அல்லவா, அதைச் சொல்கிறேன். முதல் தலைவலி சுண்டை விதை. புதிதாக எடுத்த விதை உறங்கிக் கிடக்கும், போட்டால் பாதி இப்போது முளைக்கும், மீதி எப்போதோ முளைக்கும். ஜிப்ரலிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துத்தான் விதைக்கிறோம். முளைத்த பிறகும் மெதுவாகத்தான் வளரும். அதனால் சுண்டையைப் போட்டு மூன்று நான்கு வாரம் கழித்துத்தான் கத்தரி விதையைக் குழித்தட்டில் போடுகிறோம். ஒட்டுக் கட்டுகிற அன்று இரண்டு தண்டும் ஒரே கனத்தில் இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. ஒன்று தடிமன், ஒன்று மெலிசு என்றால் தோல் தோலோடு சேராது.

கட்டுவது சின்ன வேலை. புது ஷேவிங் பிளேடு. வேர்ச்செடியை, அதாவது வேர் கொடுக்கிற சுண்டையை, சாய்வாக ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும், அறுக்கக் கூடாது. கத்தரி நுனியையும் அதே சாய்வில் வெட்டி, பெரிய இலைகளைப் பாதியாகக் கத்தரித்துவிட்டு, வெட்டுவாய் இரண்டையும் ஒட்டி சிலிக்கான் கிளிப் போடுவோம். வெட்டின இடம் காயக் கூடாது, அதனால் வெட்டினவுடன் சேர்த்துவிட வேண்டும். பழகின பெண்கள் பேசிக்கொண்டே கட்டுவார்கள், பார்க்கிறவர்களுக்குக் கை தெரியாது.

உயிர் பிழைப்பது அதற்கப்புறம்தான். வேரிலிருந்து தண்ணீர் இன்னும் மேலே ஏறவில்லை, இலையோ ஆவியாக விட்டுக்கொண்டிருக்கிறது. அதனால் மூங்கில் வளைவின் மேல் பிளாஸ்டிக் தாள், அதன் மேல் நிழல்வலை போட்டு, உள்ளே தரையில் தண்ணீர் நிறுத்தி, ஈரப்பதம் 90 சதவீதத்துக்குக் குறையாமல், வெப்பம் 25 முதல் 30 டிகிரிக்குள் வைக்க வேண்டும். முதல் இரண்டு நாள் கிட்டத்தட்ட இருட்டு. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம், கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று. ஒரு வாரத்தில் பிடித்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். வெளியே எடுத்து இன்னும் ஒரு வாரம் வெயிலுக்குப் பழக்கித்தான் கொடுப்போம். சித்திரை வெயிலில் அந்தக் கூடாரத்தில் 30 டிகிரியைத் தாண்டாமல் வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பிடிக்காமல் சாகிற நாற்றின் விலையும் நீங்கள் கொடுக்கிற 8 ரூபாயில் இருக்கிறது.

---

மொட்டைமாடி (சென்னை)

அக்கா, அருமையாகச் சொன்னீர்கள். நான் மாடியில் தொட்டியில் வளர்ப்பவள். ஒரு வீடியோவில் ஊமத்தைச் செடியில் தக்காளியை ஒட்டிக் காட்டினார்கள், காட்டுச்செடி, நோயே வராது என்று. எங்கள் தெருமுனையில் ஊமத்தை நிறைய இருக்கிறது. செய்து பார்க்கலாமா?

---

வேர்ப்பூச்சி

வேண்டாம். விளையாட்டுக்குக்கூட வேண்டாம். ஊமத்தையும் கத்தரிக் குடும்பம்தான், ஒட்டுப் பிடிக்கும், செடி நன்றாகவும் வளரும். ஆனால் ஊமத்தையின் விஷச்சத்துகள், ஸ்கோபொலமின், அட்ரோபின், வேரில் உருவாகி மேலே ஏறுகிறவை. ஒட்டின செடியின் காய்க்கும் போய்ச் சேரும். ஜப்பானின் ஒகினாவாவில் ஊமத்தை வேரில் ஒட்டின கத்தரியைச் சமைத்துச் சாப்பிட்டவர்களுக்கு விஷம் ஏறியது பதிவான சம்பவம். வீடியோ போடுகிறவர் அந்தக் காயைச் சாப்பிட்டாரா என்று கேளுங்கள்.

நாம் வற்றல் போட்டுச் சாப்பிடுகிற சுண்டை இருக்கும்போது வேறு எதற்கும் போக வேண்டியதில்லை.

---

பழையகணக்கு

சரி, நோய் தாங்கும் ரகம் என்று ஒன்று இருக்கிறதே, அதை ஏன் யாரும் பேசவில்லை? பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் தக்காளி இலைச்சுருட்டை, பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் மூன்றையும் தாங்கும் என்றுதான் கொடுத்தார்கள். ஒட்டுக் கூலி இல்லை, கூடாரம் இல்லை. விதையைப் போட்டோமா, நட்டோமா என்று முடிந்தது.

---

கம்பம்காரன் (கம்பம்)

பழையகணக்கு அண்ணன் சொல்வதில் பாதி எனக்குச் சம்மதம். மலைக்கு அந்தப்புறம் கேரளாவில் மண் புளிப்பு, மழை அதிகம், பாக்டீரியா வாடல் அவர்களுக்குப் பெரிய தொல்லை. கேரள வேளாண் பல்கலைக்கழகம் அதற்காகவே கத்தரியில் சூர்யா, ஸ்வேதா, ஹரிதா, தக்காளியில் சக்தி, முக்தி, அனகா என்று ரகங்கள் கொடுத்திருக்கிறது. மிளகாயில் உஜ்வலா. எல்லாம் வாடலைத் தாங்கும்.

மீதிப் பாதி இதுதான். ஹரிதா நீளமான பச்சைக் கத்தரி. அதை எங்கள் மண்டியில் இறக்கினால் என்ன விலை போடுவான்? நம் ஊரில் கத்தரி என்றால் ஊருக்கு ஒரு நிறம், ஊருக்கு ஒரு ருசி. வேலூர்க்காரருக்கு இலவம்பாடி முள்ளுக்கத்தரி, 2023இல் புவிசார் குறியீடே வாங்கியது. மணப்பாறைக்காரருக்கு மணப்பாறைக் கத்தரி. அங்கே போய் "இந்த ரகம் நோய் தாங்கும், இதைப் போடு" என்றால் நடக்காது. நோய் தாங்குகிற குணத்தை ஒரு நாட்டு ரகத்துக்குள் கொண்டுவர இனக்கலப்பு செய்தால் பல வருஷம் ஆகும், ருசி அப்படியே வரும் என்றும் சொல்ல முடியாது. ஒட்டில் அந்தப் பிரச்சினையே இல்லை. மேலே இலவம்பாடி, கீழே சுண்டை. காய் இலவம்பாடிக் காய்தான்.

கேரளாவில் இரண்டையும் சேர்த்தே செய்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாடல் தாங்குகிற கத்தரியையே வேர்ச்செடியாக வைத்து, மேலே சந்தைக்கு வேண்டிய தக்காளியையோ கத்தரியையோ ஒட்டுகிறார்கள்.

---

மேட்டுக்காடு

கம்பம்காரரே, மண்டி விஷயம் நூற்றுக்கு நூறு. எங்கள் பக்கமும் வியாபாரி கேட்கிற நிறம் இல்லை என்றால் மூட்டை அப்படியே கிடக்கும்.

ஒரு சந்தேகம். ஒட்டுச் செடியில் பழுக்கவிட்டு விதை எடுத்தால் அடுத்த பட்டத்துக்கு ஆகுமா?

---

நாற்றுக்காரி

மேலே ஒட்டினது நாட்டு ரகம் என்றால் விதை எடுக்கலாம், அந்த ரகம்தான் வரும். ஆனால் சுண்டை வேரின் தாங்குதிறன் விதைக்குள் போகாது. விதையைப் போட்டால் பழைய கத்தரி, பழைய வேர், பழைய வாடல். ஒவ்வொரு முறையும் ஒட்டியாக வேண்டும். மேலே வீரிய ஒட்டுரகம், அதாவது இரண்டு ரகத்தைக் கலந்து எடுத்த ஹைப்ரிட், என்றால் விதை எடுப்பதில் பயனில்லை, அதே குணம் வராது, அது உங்களுக்கே தெரியும்.

---

பழையகணக்கு

ருசிக் கதை சரி. காசுக் கதைக்கு வருவோம். என் தெரிந்தவர் ஒருவர் ஒரு பண்ணையில் ஒட்டு நாற்று வாங்கி நட்டார். பெயர் வேண்டாம். பாதிச் செடி வழக்கம் போலவே வாடியது. போய்க் கேட்டால் "உங்கள் மண் அப்படி" என்றார்கள். நாற்று 8 ரூபாய், பொறுப்பு பூஜ்யம்.

---

நாற்றுக்காரி

ஐயா, கோபப்படாமல் ஒன்று கேட்கிறேன். அவர் செடியின் அடியில் மண்ணைக் குவித்து அணைத்தாரா?

---

பழையகணக்கு

அணைக்காமல்? களை வெட்டி, உரம் வைத்து, மண் அணைத்தால்தானே செடி சாயாமல் நிற்கும். காலங்காலமாகச் செய்வதுதான்.

---

நாற்றுக்காரி

அங்கேதான் போயிருக்கும், பெரும்பாலும். வாங்குகிற ஒவ்வொருவரிடமும் நாங்கள் கத்துவது இதைத்தான். ஒட்டுக்கட்டின இடம் எப்போதும் மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். நடும்போதே இரண்டு மூன்று விரற்கடை மேலே தெரிகிற மாதிரி நட வேண்டும். அப்புறம் மண் அணைக்கவே கூடாது. ஒட்டுக்கு மேலே மண் ஏறினால் மேல்தண்டு, அதாவது கத்தரித் தண்டு, தானே வேர் விட்டுவிடும். தக்காளி இன்னும் வேகமாக விடும். அந்த வேர் நேராக நோய் மண்ணுக்குள் இறங்கும். பாக்டீரியாவுக்குச் சுண்டை வேரைத் தொட வேண்டிய அவசியமே இல்லை, பக்கவாட்டு வழி திறந்தாயிற்று. 8 ரூபாய் நாற்று 1 ரூபாய் நாற்றாகிவிட்டது. வாடின செடியைப் பிடுங்கி ஒட்டுக்கு மேலே வேர் இருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்திருக்கும்.

சாயும் என்ற பயம் இருந்தால் குச்சி நட்டுக் கட்டுங்கள். மல்ச்சிங் ஷீட் போட்டால் களையும் வராது, மழையில் மண் தெறித்து ஒட்டில் படுவதும் குறையும்.

பண்ணைக்காரர் இதை அவரிடம் சொல்லாமல் விற்றிருந்தால் அது அந்தப் பண்ணையின் குற்றம்தான். அதில் நான் உங்கள் கட்சி.

---

வேர்ப்பூச்சி

அக்கா சொன்னதோடு ஒன்று. நோய் தாங்குகிற வேர் என்றால் பாக்டீரியா உள்ளேயே வராது என்று அர்த்தம் இல்லை. கொஞ்சம் வரும், வெளியே அறிகுறி தெரியாது, குறைந்த அளவில் தண்டுக்குள்ளேயே இருக்கும். அதனால் கவாத்துக் கத்தியை, கிளை வெட்டுகிற கத்தியை, ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்கு அப்படியே கொண்டுபோகாதீர்கள். ஊருக்கு ஊர் பாக்டீரியாவின் வகையும் மாறும். ஒரு இடத்தில் தாங்குகிற வேர் இன்னொரு இடத்தில் தடுமாறுவது உண்டு. எனவே முதல் பட்டத்தில் முழு 2 ஏக்கரும் போடாமல், அதிகம் வாடின பகுதியில் மட்டும் போட்டுப் பாருங்கள். பக்கத்திலேயே இரண்டு வரிசை சாதா நாற்றும் நடுங்கள். யார் சொல்வதையும் நம்ப வேண்டியதில்லை, வரிசையே சொல்லிவிடும்.

---

மேட்டுக்காடு

நேற்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சாதா கத்தரி 3 அடிக்கு 2 அடி என்றால் ஏக்கருக்கு 7,260 செடி, நாற்றுக்கு 7,260 ரூபாய். ஒட்டுச் செடி படர்ந்து பெரிதாக வரும் என்பதால் 4 அடிக்கு 3 அடி போடச் சொல்கிறார்கள். அது 3,630 செடி, 29,040 ரூபாய். கூடுதல் செலவு 22,000 என்று வைத்துக்கொள்ளலாம். கிலோ 15 ரூபாய்க்குப் போனால் சுமார் 1,450 கிலோ காய். அது அந்தக் கூடுதல் செலவுக்கே சரியாகப் போய்விடும்.

இப்போது என் காட்டில் மூன்றில் ஒரு செடி போய்விட்டது என்று வைத்தால் சுமார் 2,400 செடி. செடிக்கு 2 கிலோ என்று குறைத்துப் போட்டாலே 4,800 கிலோ நட்டம். ஆனால் ஒட்டில் செடியின் எண்ணிக்கை பாதி, அதனால் ஒரு செடி இரண்டு செடி காய்க்க வேண்டும். அது நடக்குமா என்பதில்தான் எனக்கு இழுபறி.

---

கம்பம்காரன்

நல்ல கணக்கு. அதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது: காய்க்கிற காலம். சுண்டை பல வருஷம் நிற்கிற புதர்ச்செடி. அந்த வேரில் நிற்கும் கத்தரியைக் கவாத்து செய்து, உரம் வைத்து, ஒரு வருஷம் தாண்டியும் காய் பறிக்கிறார்கள். சாதா கத்தரி ஓய்ந்துபோகிற நேரத்தில் இது இரண்டாவது சுற்றுக்குத் துளிர்க்கும். அந்த இரண்டாவது சுற்றுக்கு நாற்றுச் செலவு, உழவு, நடவு ஒன்றும் கிடையாது. நீண்ட நாள் நிற்கிற செடிக்கு உரமும் சொட்டுநீரும் அதற்கேற்ற மாதிரி வேண்டும், அதையும் செலவில் எழுதுங்கள்.

நோய் இல்லாத புதுக் காட்டில் இந்தக் கணக்கு நிற்காது. அங்கே ஒட்டு நாற்று வாங்குவது வீண். சும்மா சொல்லக் கூடாது, அந்த இடத்தில் பழையகணக்கு அண்ணன் ஜெயிக்கிறார்.

---

மொட்டைமாடி

நடுவில் ஒரு சின்னக் கேள்வி. ஒரே செடியில் கத்தரியும் தக்காளியும் காய்க்கிற மாதிரி ஒட்டலாம் என்று படித்தேன். உண்மையா, கட்டுக்கதையா?

---

வேர்ப்பூச்சி

உண்மைதான். வாரணாசியில் உள்ள இந்தியக் காய்கறி ஆராய்ச்சி நிறுவனம் "பிரிமேட்டோ" என்று செய்து காட்டியது, செய்தி 2021இல் வந்தது. கத்தரி வேர்ச்செடியில் இரண்டு கிளை விட்டு, ஒன்றில் காசி சந்தேஷ் கத்தரி, இன்னொன்றில் காசி அமன் தக்காளி. உருளைக்கிழங்கு வேரில் தக்காளியை ஒட்டி "பொமேட்டோ"வும் செய்திருக்கிறார்கள். மாடித்தோட்டத்துக்கு நல்ல வேடிக்கை, இடமும் மிச்சம். காட்டில் ஏக்கர் கணக்கில் செய்ய வேலை அதிகம்.

மிளகாயையும் அதில் சேர்க்க ஆசைப்படாதீர்கள். மிளகாய் கத்தரி, தக்காளியோடு சரியாகப் பிடிக்காது. அதற்கு மிளகாய் இனத்திலேயே வேர்ச்செடி தேட வேண்டும்.

---

மணல்வெள்ளரி (திண்டிவனம் பக்கம்)

தர்பூசணி போடுகிறவர்கள் யாராவது ஒட்டு நாற்று நட்டிருக்கிறீர்களா? எங்கள் பக்கம் விதையை நேரடியாகக் குழியில் போடுவதுதான் வழக்கம். இப்போது கொடி வாடல் அதிகமாகிறது.

---

வேர்ப்பூச்சி

உங்கள் பயிரில்தான் இந்தக் கலையே ஆரம்பித்தது. தர்பூசணிக்குச் சுரையோ பூசணியோ வேர்ச்செடி. ஃப்யூசேரியம் வாடலுக்கு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் யோசிக்க வேண்டியது இரண்டு. பூசணி வேர் ரொம்பப் பலசாலி, உரம் அதிகமானால் கொடிதான் ஓடும், காய் பழுக்கத் தாமதமாகும், தோல் தடிக்கும், சில சேர்க்கையில் இனிப்பும் மணமும் குறையும். தர்பூசணியில் இனிப்பு போனால் எல்லாம் போச்சு. அதனால் எந்த வேரில் எந்த ரகம் என்று பார்த்துத்தான் செய்ய வேண்டும், தழைச்சத்தையும் குறைக்க வேண்டும். இரண்டாவது, விதை வழியாக வரும் வைரஸ் ஒன்று உண்டு, ஒரு நாற்றில் இருந்தால் ஒட்டுக்கட்டுகிற பிளேடே அதைத் தட்டு முழுக்கப் பரப்பிவிடும். நேரடி விதைப்பில் செலவு குறைவு என்பதால் உங்கள் பக்கம் கணக்கு எளிதில் ஒத்துவராது. தனி இழை ஆரம்பியுங்கள், அங்கே பேசலாம்.

---

மேட்டுக்காடு

தக்காளிக்கும் சுண்டை வேரே போதுமா? அல்லது வேறா?

---

வேர்ப்பூச்சி

தக்காளியைச் சுண்டையில் ஒட்டுவதை நான் சொல்ல மாட்டேன். கத்தரி அளவுக்கு ஒத்துப்போகாது. தைவான் மையம் தக்காளிக்கு இரண்டு வழி சொல்கிறது. தண்ணீர் தேங்கும் மழைக்காலம் என்றால் ஈஜி 203 போன்ற கத்தரி வேர், கத்தரி வேர் தேங்கின தண்ணீரைத் தக்காளி வேரைவிட நன்றாகத் தாங்கும். தண்ணீர் தேங்காத இடம் என்றால் ஹவாய் 7996 போன்ற தக்காளி வேர். உங்கள் செம்மண் மேட்டில் இரண்டாவதுதான் பொருந்தும். கத்தரி வேரில் நிற்கும் தக்காளியில் வறண்ட காலத்தில் காய் நுனி கறுத்து அழுகுவது கூடும்.

நூற்புழுவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தக்காளியில் நூற்புழுவைத் தாங்க வைக்கிற மரபணு மண்ணின் வெப்பம் 28 டிகிரியைத் தாண்டினால் வேலை செய்யாமல் போகும். விதை உறையில் "நூற்புழு எதிர்ப்பு" என்று போட்டிருந்தாலும் கோடைப் பட்டத்தில் அதை நம்பி உட்காராதீர்கள். நடுவில் ஒரு முறை செண்டுமல்லி போட்டு எடுங்கள், பூவுக்கும் காசு கிடைக்கும், நூற்புழுவும் குறையும்.

---

பழையகணக்கு

செண்டுமல்லி போடுவதை இப்போதுதான் ஒருவர் சொன்னார். அதுவும் பயிர்ச்சுழற்சிதான் என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

என் தெரிந்தவரிடம் கேட்டுவிட்டேன். மண் அணைத்திருக்கிறார். மீதி நிற்கிற செடிகளில் ஒட்டுக்கு மேலே ஏறின மண்ணை விலக்கினால் காப்பாற்ற முடியுமா?

---

நாற்றுக்காரி

இன்னும் வாடாத செடிகளில் முடியும் ஐயா. வெயில் தாழ்ந்த பிறகு மண்ணை மெதுவாக விலக்கி, ஒட்டுக்கு மேலே விட்டிருக்கிற வேர்களைக் கத்தியால் அறுத்துவிடச் சொல்லுங்கள். ஒவ்வொரு செடிக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். இரண்டு நாள் செடி சோர்ந்த மாதிரி இருக்கும், சுண்டை வேர் நன்றாகப் பிடித்திருந்தால் தேறிவிடும். வாடின செடிகளை வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள், வரப்பில் போட வேண்டாம். அந்தக் குழியில் ப்ளீச்சிங் பவுடர் போடச் சொல்லுங்கள்.

---

மேட்டுக்காடு

முடிவு செய்துவிட்டேன். அரை ஏக்கர் ஒட்டுக் கத்தரி, ஓரத்தில் இரண்டு வரிசை சாதா நாற்று, மீதியில் இந்தப் பட்டம் மக்காச்சோளம். ஐயாவுக்கும் சமாதானம், வீட்டுக்கும் சமாதானம். நாற்றுக்குச் சொல்லிவிட்டேன். கிளிப்பை நடும்போது எடுத்துவிட வேண்டுமா?

---

நாற்றுக்காரி

சிலிக்கான் கிளிப் என்றால் தண்டு பருக்கும்போது தானே விழுந்துவிடும். பிடிவாதமாக நின்றால், செடி நன்றாகப் பிடித்து வளர ஆரம்பித்த பிறகு எடுங்கள், அதற்கு முன்னால் தொட வேண்டாம். ஒட்டுக்குக் கீழே சுண்டைத் துளிர் வரும். வாரம் ஒரு முறை வரிசையில் நடந்து கையாலேயே கிள்ளிவிடுங்கள்.

---

மொட்டைமாடி

அந்தத் துளிரை ஒன்றிரண்டு செடியில் விட்டு வைத்தால் கீழே சுண்டைக்காய், மேலே கத்தரிக்காய் என்று இரண்டும் பறிக்கலாம் அல்லவா? வற்றலுக்கு ஆகுமே.

---

நாற்றுக்காரி

விட்டீர்கள் என்றால் கொஞ்ச நாளில் சுண்டை மட்டும்தான் இருக்கும். வேர் அதனுடையது, சத்தைத் தன் கிளைக்குத்தான் முதலில் கொடுக்கும், கத்தரி சூம்பிப் போகும். வற்றல் வேண்டும் என்றால் தனியாக ஒரு தொட்டியில் சுண்டை வையுங்கள். விதை வேண்டுமானால் தனிச்செய்தியில் முகவரி கொடுங்கள், அனுப்புகிறேன். முளைக்க நாளாகும், தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள்.